எடைமேடை லாரி வரிசைய பிரவுசர்ல ஓட்டணும்னா ஜாவாவா, பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா?

சேலத்துல இன்ஜினியரிங் படிக்கற பசங்க பைனல் இயர்ல சிமுலேஷன் ப்ராஜெக்ட் எடுத்தா மொத கேள்வியே எந்த லாங்குவேஜ்ங்கறதுதான். கைடு ஆப்ஜெக்ட் ஓரியண்டட்டா இருக்கணும்னு சொல்லிருப்பாரு, வெப்ல ஓடணும்னு வேற சொல்லிருப்பாரு, ஒடனே ஜாவா புக்க தூக்கிட்டு வந்துருவாங்க. என்னோட பதில் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். கிளாஸ் இருக்கா, இன்ஹெரிட்டன்ஸ் இருக்கான்னு பாக்காதீங்க, அது இன்னைக்கு எல்லாத்துலயும் இருக்கு. ஒரு ஃபங்ஷன் பாதி வழியில நின்னுட்டு, அப்புறமா நின்ன எடத்துல இருந்தே கிளம்ப முடியுமா, அத பாருங்க. அதுக்கு அடுத்தது, ரன் ஆகப்போறது யாரோட மெஷின்ல, உங்க சர்வர்லயா பாக்கறவங்க போன்லயா. இந்த ரெண்டுலயே பாதி முடிவு வந்துரும், மிச்சம் எல்லாம் சின்ன சின்ன தலைவலிதான், ஆனா அந்த தலைவலிகளையும் சொல்லித்தான் ஆகணும்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு பாரா. சிமுலேஷன்னா நெஜத்துல நடக்கறத கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்கறது. அதுல ஒரு வகையான டிஸ்கிரீட் ஈவண்ட் சிமுலேஷன்ல நேரம் ஓடாது, தாவும். 6:10க்கு ஒரு லாரி வருது, 6:14க்கு எடை முடியுதுன்னா நடுவுல இருக்கற நாலு நிமிஷத்துல ஒண்ணும் மாறலங்க, அதனால கடிகாரம் நேரா 6:14க்கு போயிரும். அடுத்து நடக்கப்போறது எல்லாம் நேர வரிசையில ஒரு லிஸ்ட்ல இருக்கும், மேல இருக்கறத எடு, நடத்து, அதனால புதுசா பொறக்கற ஈவண்ட்ட லிஸ்ட்ல போடு, திரும்ப மேல இருக்கறத எடு. இன்ஜின் அவ்ளோதான்.

உதாரணத்துக்கு நம்ம ஊரு சரக்கையே எடுத்துக்கறேன். எங்க பெரியப்பா பையன் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி பேக்டரில கணக்கு பாக்கறாரு. சீசன்ல குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு வண்டி கேட்டுக்கு வெளிய ரோடு வரைக்கும் நிக்கும், புடுங்குன கிழங்கு ரெண்டு நாள் தாண்டுனா உள்ள கருக்க ஆரம்பிச்சிரும், மாவு கொறையும், பாயிண்ட் (கிழங்குல இருக்கற மாவோட அளவு) கொறைஞ்சா ரேட்டு கொறையும், வெவசாயிக்கும் பேக்டரிக்கும் வாய்ச்சண்டைதான். அண்ணன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "இன்னொரு எடைமேடை போடலாமா, இல்ல எறக்கற எடத்துல ஆள சேத்தா போதுமா தம்பி? எம்பட போன்ல தட்டிப்பாக்கற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடு." அவரு போன் நல்ல போன் எல்லாம் இல்ல, அத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அங்க நடக்கறது இது. லோடு வண்டி வருது, எடைமேடையில ஏறுது, மொத்த எடை போடறாங்க, சாம்பிள் எடுத்து பாயிண்ட் பாக்கறாங்க, உள்ள போயி எறக்குது, திரும்பி அதே எடைமேடையில காலி எடை போட்டுட்டு வெளிய போகுது. கவனிங்க, ஒரே மேடை, ஒரு வண்டிக்கு ரெண்டு தடவ. வெளிய போற வண்டியும் உள்ள வர்ற வண்டியும் அந்த ஒரே மேடைக்குத்தான் மல்லுக்கட்டுது.

இத ரெண்டு விதமா எழுதலாம். ஈவண்ட் வாரியா எழுதுனா, வந்தது, மேடை கெடச்சது, எடை முடிஞ்சது, எறக்க எடம் கெடச்சது, எறக்கி முடிஞ்சது, காலி எடை முடிஞ்சதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷன். ஒரு லாரியோட கதை ஆறேழு துண்டா செதறிக்கெடக்கும், ஒவ்வொரு துண்டும் அடுத்தத லிஸ்ட்ல போடணும், லாரி எந்த நெலமையில இருக்குன்னு நீங்களே ஒரு வேரியபிள்ல குறிச்சு வெக்கணும். இன்னொரு விதம் பிராசஸ் வாரியா. லாரின்னு ஒரு கிளாஸ், அதுக்குள்ள ஒரே ஃபங்ஷன், மேடைய கேளு, கெடைக்கற வரைக்கும் நில்லு, நாலு நிமிஷம் நில்லு, மேடைய விடு, எறக்கற எடத்த கேளு, நில்லு... மேல இருந்து கீழ படிச்சா அண்ணன் சொன்ன கதை அப்புடியே இருக்கும். அவருகிட்ட அந்த கோட காட்டி "இப்புடித்தானே நடக்குது"ன்னு கேக்கவே முடியும், நான் கேட்டேன், அவரும் பாத்துட்டு "சாம்பிள் எடுக்கறப்பவே வண்டி நகந்துரும், மேடைமேல நிக்காது"ன்னு திருத்துனாரு. துண்டு துண்டா எழுதியிருந்தா அவரால அத கண்டுபுடிச்சிருக்க முடியாது.

ஆனா அந்த ஒரே ஃபங்ஷன் எழுதணும்னா "நில்லு"ங்கற எடத்துல ஃபங்ஷன் நெஜமாவே நிக்கணும், அதோட லோக்கல் வேரியபிள் எல்லாம் உயிரோட இருக்கணும், இன்ஜின் மத்த லாரிங்கள கவனிச்சிட்டு வந்து தட்டி எழுப்புனா அங்கிருந்து தொடரணும். இந்த வித்தைக்குத்தான் கோரொட்டீன்னு பேரு.

இதுல வரலாறு சுவாரசியமா இருக்கு. ஆப்ஜெக்ட் ஓரியண்டட்டே சிமுலேஷன்ல இருந்துதான் பொறந்துச்சு, பல பேருக்கு இது தெரியாது. 1960கள்ல நார்வேல, ஆஸ்லோல இருக்கற நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டர்ல ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டுன்னு ரெண்டு பேரு சிமுலாங்கற லாங்குவேஜ உண்டாக்குனாங்க, பேருலயே சிமுலேஷன் இருக்கு. சிமுலா 67லதான் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் சேந்து வந்துச்சு. கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது, 2001க்கானது, இவங்க ரெண்டு பேருக்கும் குடுத்தாங்க. அந்த சிமுலா 67ல கிளாஸோட கூடவே கோரொட்டீனும் இருந்துச்சு, சிமுலேஷன்னே ஒரு கிளாஸ் இருந்துச்சு, அதுல ஹோல்டுன்னு சொன்னா இவ்ளோ நேரம் நில்லு, பேசிவேட்னா யாராச்சும் எழுப்பற வரைக்கும் தூங்கு, ஆக்டிவேட்னா எழுப்பு. இன்னைக்கு நாம சிம்பைல (பைத்தானோட சிமுலேஷன் லைப்ரரி) எழுதறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் கேம்பிரிட்ஜ்ல பிஎச்டி பண்றப்ப சிமுலாலதான் சிமுலேஷன் எழுதுனாரு, எழுத சொகமா இருந்துச்சு, ஆனா ஓட ரொம்ப மெதுவா இருந்துச்சு. அப்புறம் பெல் லேப்ஸ் போயி 1979ல சி லாங்குவேஜ்ல கிளாஸ சேக்க ஆரம்பிச்சாரு, அதுதான் சி பிளஸ் பிளஸ் ஆச்சு. அங்க இருந்து 1995ல ஜாவா. இந்த வழியில கிளாஸ் பத்தரமா வந்து சேந்துச்சு, கோரொட்டீன் மட்டும் வழியிலயே எறங்கிருச்சு. சி பிளஸ் பிளஸ் லாங்குவேஜ்லயே அது திரும்ப வர்றதுக்கு 2020 ஆச்சு. அதனாலதான் சொல்றேன், ஆப்ஜெக்ட் ஓரியண்டட்ங்கற ஒரு லேபிள பாத்து சிமுலேஷனுக்கு ஏத்த லாங்குவேஜ்னு முடிவு பண்ணா பாதி சாமான்தான் கையில இருக்கும்.

இப்ப ஜாவா. 1990கள் கடைசில வெப் சிமுலேஷன்னாலே ஜாவாதான், ஏன்னா ஆப்லெட், அதாவது வெப் பேஜுக்குள்ள ஓடற குட்டி ஜாவா ப்ரோக்ராம். எழுதி ஒரு பேஜ்ல ஒட்டுனா ஒலகத்துல எந்த பிரவுசர்லயும் ஓடும்னாங்க, எடின்பரோ யூனிவர்சிட்டில இருந்து சிம்ஜாவான்னு ஒரு லைப்ரரி வந்துச்சு, அதுல ஒவ்வொரு என்டிட்டியும், நம்ம கணக்குல ஒவ்வொரு லாரியும், ஒரு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற ஒரு இழை). ஏன் த்ரெட்? கோரொட்டீன் இல்லியே, நடுவுல நிக்கறதுக்கு வேற வழி என்ன இருக்கு. சின்ன மாடலுக்கு ஓடிரும், ஆனா ஆப்பரேட்டிங் சிஸ்டம் த்ரெட் ஒவ்வொண்ணும் வழக்கமா ஒரு எம்பி அளவுக்கு ஸ்டேக்குக்கு (அதோட சொந்த மெமரி) எடம் ஒதுக்கும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறதுக்கும் செலவு, ஆயிரக்கணக்குல லாரி ஒரே நேரத்துல உள்ள இருந்தா மூச்சு வாங்க ஆரம்பிச்சிரும். அப்புறம் ஆப்லெட்டே செத்துப்போச்சு. குரோம் 2015ல அந்த வகை பிளக்இன்ன தூக்குச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017ல, அதே 2017ல ஜாவா 9ம் ஆப்லெட் இனி வேணாம்னு சொல்லிருச்சு. இன்னும் சில காலேஜ் லேப் மேனுவல்ல ஆப்லெட் பாடம் இருக்கறத பாத்திருக்கேன், அத பாத்து ப்ராஜெக்ட் ஆரம்பிச்சிராதீங்க.

ஆனா ஜாவாவ ஒதுக்கித்தள்ளவும் முடியாது. 2023 செப்டம்பர்ல வந்த ஜாவா 21ல வர்ச்சுவல் த்ரெட் வந்துச்சு, லட்சக்கணக்குல உண்டாக்கலாம், நின்னா சல்லிக்காசு செலவில்ல, பழைய சிம்ஜாவா ஸ்டைல இப்ப எழுதுனா நல்லாவே ஓடும். இதுல ஒரு பெரிய சொகம், எந்த ஆழத்துல இருக்கற ஃபங்ஷன்ல வேணா நிக்கலாம், பைத்தான்லயும் ஜாவாஸ்கிரிப்ட்லயும் அப்புடி முடியாது, மேல இருக்கற ஒவ்வொரு ஃபங்ஷனும் ஜெனரேட்டரா (நடுவுல நின்னு தொடர முடியற ஃபங்ஷன்) இருக்கணும். ஒரே எச்சரிக்கை, வர்ச்சுவல் த்ரெட்ட விட்டா இஷ்டத்துக்கு ஒரே சமயத்துல பல கோர்ல (சிபியுக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பகுதி) ஓடும், சிமுலேஷன்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடணும், அந்த பூட்டு சாவிய நீங்கதான் ஒழுங்கா கைமாத்தணும். ரெடியா வேணும்னா ஹாம்பர்க் யூனிவர்சிட்டியோட டெஸ்மோ-ஜே இருக்கு, ஈவண்ட் வாரியாவும் எழுதலாம், பிராசஸ் வாரியாவும் எழுதலாம். ஆனா இதெல்லாம் சர்வர்ல ஓடும், பிரவுசர்ல இல்ல. அண்ணன் போன்ல பட்டன் மட்டும்தான் இருக்கும்.

சர்வர்ல ஓடுனா என்ன தப்புன்னு கேப்பீங்க. தப்பில்ல, செலவு. சிமுலேஷன் முழுக்க சிபியு வேலை, பத்து பேரு ஒரே நேரத்துல ரன் பட்டன அமுக்குனா பத்து ரன்னும் உங்க ஒரே சர்வர் தலையில. ரன் அர நிமிஷம் தாண்டுனா ரெக்வெஸ்ட் டைம்அவுட் ஆகலாம், அதுக்கு ஒரு க்யூ, ஒரு வொர்க்கர், ரிசல்ட்ட சேத்து வெக்க ஒரு டேட்டாபேஸ்னு வீடு பெருசாயிட்டே போகும். அதோட பேக்டரிக்காரங்க எத்தன லோடு வந்துச்சு, என்ன பாயிண்ட்டுங்கறத எல்லாம் வெளிய அனுப்ப யோசிப்பாங்க, அது நியாயமான யோசனைதான். மாடல் உங்க தொழில் ரகசியம், யாரும் காப்பி அடிக்கக்கூடாதுன்னா மட்டும் சர்வர்தான் வழி, பிரவுசருக்கு அனுப்புன கோட ஒளிச்சு வெக்க முடியாது.

பைத்தான். இங்க சிம்பை இருக்கு, 2002ல இருந்து இருக்கு. பைத்தான் 2.2 ஜெனரேட்டரோட வெளிவந்தது 2001 கடைசி, அடுத்த வருஷமே சிம்பை, இது தற்செயல் இல்லன்னு புரியுதுல்ல? யீல்டுன்னு ஒரு வார்த்தை, அதுல ஃபங்ஷன் நிக்கும், அவ்ளோதான். ரிசோர்ஸ் (எடைமேடை மாதிரி வரிசையில நின்னு வாங்கறது), முன்னுரிமை இருக்கற ரிசோர்ஸ், ஒருத்தர எழுப்பிவிட்டுட்டு இன்னொருத்தர் உக்கார்ற ரிசோர்ஸ், தொட்டி மாதிரி அளவு ஏறி எறங்கறதுக்கு கன்டெய்னர், எல்லாம் உள்ளயே இருக்கு. மாவுப்பால் தொட்டிய கன்டெய்னரா போடலாம், அரைக்கறப்ப கரண்ட் போச்சுன்னா இன்டரப்ட் குடுத்து மிச்ச வேலைய அப்புறம் தொடரலாம். மாடல யோசிக்கற கட்டத்துக்கு இத மிஞ்சுனது எதுவும் இல்லங்கறது என் கருத்து. சிம்பைல ஒரே கடி, யீல்டு போட மறந்துட்டா எர்ரர் வராது, எடை போட நாலு நிமிஷம்னு எழுதியிருப்பீங்க, வண்டி நிக்காம ஒரு நொடி கூட எடுக்காம பறந்துரும், ரிசல்ட் அழகா வரும், ஆனா பொய்யா வரும்.

வெப்ல பைத்தான ஓட்ட ரெண்டு வழி. ஒண்ணு சர்வர், மேல சொன்ன அதே தொல்லை, கூடவே வழக்கமான பைத்தான்ல ஓடற ஒரு ப்ரோக்ராம் ஒரு கோர்தான் சாப்புடும்ங்கற பழைய வியாதி. இன்னொண்ணு பையோடைடு, 2018ல மொசில்லால ஆரம்பிச்சது, பைத்தான் இன்டர்ப்ரெட்டரையே வெப்அசெம்பிளியா (பிரவுசர் நேரா வேகமா ஓட்டற கோடு) மாத்தி பிரவுசருக்குள்ள எறக்கிருவாங்க. சிம்பை முழுக்க பைத்தான்லயே எழுதுனதுங்கறதால அதுலயும் அப்புடியே ஓடும், கம்ப்யூட்டர்ல டெஸ்ட் பண்ண அதே மாடல் ஒரு எழுத்து மாத்தாம பிரவுசர்ல. கேக்க அருமையா இருக்கு, ஆனா மொத தடவ தெறக்கறப்ப பல எம்பி டவுன்லோடு ஆகும், சொந்த கம்ப்யூட்டர்ல ஓடற பைத்தான விட சில மடங்கு மெதுவா இருக்கும். லேப்ல, நல்ல நெட்ல, லேப்டாப்ல காட்டறதுக்கு ஓகே. அண்ணன் போன்ல தெறந்தா ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். ஏற்காட்டுல எஸ்டேட் உள்ள சிக்னல் ஒரு கோடு வர்ற எடத்துல தெறந்தா அதுவும் இல்ல.

அப்ப ஜாவாஸ்கிரிப்ட். இத ஆப்ஜெக்ட் ஓரியண்டட்னு ஒத்துக்காத வாத்தியாருங்க உண்டு, ஏன்னா இதுல அடியில இருக்கறது புரோட்டோடைப் (ஒரு ஆப்ஜெக்ட் இன்னொரு ஆப்ஜெக்ட்ட பாத்து குணம் வாங்கறது), கிளாஸ்ங்கற எழுத்து 2015 ஸ்டாண்டர்டுலதான் வந்துச்சு. ஆனா அதே 2015லதான் ஜெனரேட்டரும் வந்துச்சு, ரெண்டும் ஒண்ணா. சிமுலா 67 ஒண்ணா குடுத்தத பிரவுசர் லாங்குவேஜ் கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு ஒண்ணா குடுத்துச்சு, வேடிக்கையா இருக்குல்ல. டைப் வேணும்னா டைப்ஸ்கிரிப்ட்ல (டைப் சேத்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதுங்க, பெரிய மாடலுக்கு நான் அதத்தான் சொல்லுவேன், வாத்தியாரும் கிளாஸ், இன்டர்பேஸ், பிரைவேட் எல்லாம் பாத்துட்டு சமாதானம் ஆயிருவாரு. சிம்பை அளவுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு லைப்ரரி இங்க இல்ல, அது கொறதான், ஆனா இன்ஜின் நீங்களே எழுதறதுக்கு எறநூறு வரிக்குள்ள அடங்கிரும், எழுதுனா உள்ள என்ன நடக்குதுன்னும் புரியும், ப்ராஜெக்ட் வைவால அது கைகுடுக்கும்.

இங்க ஒரு பொறி இருக்கு. நெறய பேரு ஜெனரேட்டர விட்டுட்டு அசிங்க் அவெய்ட் (ஃபங்ஷன நிறுத்தி எழுப்பறத ஜாவாஸ்கிரிப்ட்டே பாத்துக்கற வழி) போட்டு எழுதறாங்க, பாக்க அழகா இருக்கும். ஆனா அவெய்ட் போட்டா அடுத்து யார எழுப்பறதுங்கற உரிமையில பாதி பிரவுசரோட க்யூவுக்கு போயிரும், ஜெனரேட்டர்ல அது முழுசா உங்க இன்ஜின் கையில இருக்கும். அத விட மோசம் செட்டைம்அவுட்ங்கற பிரவுசர் டைமர வெச்சு சிமுலேஷன் நேரத்த ஓட்டறது. பேக்கிரவுண்டுக்கு போன டேப்ல டைமர நொடிக்கு ஒண்ணுன்னு பிரவுசர் அமுக்கிரும், அண்ணன் நடுவுல வாட்ஸ்அப் பாத்துட்டு வந்தா ரிசல்ட்டே மாறிப்போயிருக்கும். இன்ஜின் தனியா வெப் வொர்க்கர்ல (பேஜுக்கு பின்னாடி தனியா ஓடற பகுதி) முழு வேகத்துல ஓடி முடிக்கட்டும், லாரி நகர்ற படம் வேணும்னா பதிவான ஈவண்ட் லிஸ்ட்ட வெச்சு அப்புறமா ஆற அமர காட்டுங்க.

எந்த லாங்குவேஜ் எடுத்தாலும் வர்ற ரெண்டு விஷயம். ஒரே நேரத்துல ரெண்டு ஈவண்ட் இருந்தா எது முதல்ல? ஜாவாவோட பிரயாரிட்டி க்யூ சமமா இருந்தா எதையாச்சும் குடுக்கும்னுதான் அவங்க டாக்குமென்ட்லயே இருக்கு. பைத்தான் ஹீப்ல (சின்னத எப்பவும் மேல வெக்கற லிஸ்ட்) நேரமும் ஆப்ஜெக்ட்டும் ஜோடியா போட்டா, நேரம் சமமானப்ப ஆப்ஜெக்ட்ட ஒப்பிட பாத்து எர்ரர்ல விழும். ஜாவாஸ்கிரிப்ட்ல ஹீப்பே கெடையாது, நீங்கதான் எழுதணும். மூணுக்கும் மருந்து ஒண்ணுதான், லிஸ்ட்ல போடறப்ப ஒரு வரிசை நம்பரும் சேத்து போடுங்க. நேரத்தயும் முழு நொடியாவே வெச்சுக்கோங்க, 0.1ஐ பத்து தடவ கூட்டுனா கம்ப்யூட்டருக்கு சரியா 1 வராது, ஒரே நேரம்னு நீங்க நெனைக்கறது அதுக்கு ரெண்டு நேரம்.

அடுத்தது ரேண்டம். ஒரு மேடைக்கும் ரெண்டு மேடைக்கும் ஒப்பிடணும்னா ரெண்டுலயும் அதே லாரிங்க அதே நேரத்துக்கு வரணும், இல்லாட்டி வித்தியாசம் மேடையாலயா அதிர்ஷ்டத்தாலயான்னு தெரியாது. அதுக்கு சீட் (ஆரம்ப எண், அதே எண் குடுத்தா அதே வரிசை வரும்) குடுக்கற ரேண்டம் வேணும். பைத்தான்ல மெர்சென் ட்விஸ்டர்ங்கற ரேண்டம் முறை இருக்கு, சீட் குடுக்கலாம், ஜாவாலயும் குடுக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட்டோட மேத் ரேண்டத்துக்கு சீட் குடுக்கவே முடியாது, சின்னதா ஒண்ணு நீங்களே எழுதியோ எடுத்தோ போட்டுக்கணும். வர்ற நேரத்துக்கு ஒரு ஸ்ட்ரீம், எறக்கற நேரத்துக்கு ஒரு ஸ்ட்ரீம்னு தனித்தனியா வெச்சுக்கோங்க, இதுக்கு ஆப்ஜெக்ட் ரொம்ப வாகா இருக்கும், ஒவ்வொரு ஸ்ட்ரீமும் ஒரு ஆப்ஜெக்ட்.

இன்ஜின் சரியான்னு பாக்க அண்ணன் பேக்டரிய வெச்சு பாக்காதீங்க, விடை தெரிஞ்ச கணக்க வெச்சு பாருங்க. சராசரியா ஆறு நிமிஷத்துக்கு ஒரு லாரி வருது, ஒரு எடைக்கு சராசரி அஞ்சு நிமிஷம், ரெண்டுமே எக்ஸ்பொனென்ஷியல்னு (சில நேரம் ரொம்ப கம்மி, சில நேரம் ரொம்ப அதிகம்னு ஏறி எறங்கற வகை) வெச்சா, வரிசையில நிக்கற சராசரி நேரம் 25 நிமிஷம்னு க்யூயிங் தியரி (வரிசைங்கள பத்தின கணக்கு) சொல்லும். மேடை மணிக்கு பத்து நிமிஷம் சும்மா இருக்கு, அப்புறம் எதுக்கு 25 நிமிஷம் நிக்கணும்னு அண்ணன் நம்பவே இல்ல. ஏற்ற எறக்கம்தான் காரணம், எடை நேரம் எப்பவும் கரெக்ட்டா அஞ்சே நிமிஷம்னா அது பாதியா கொறைஞ்சு 12.5 ஆயிரும். சராசரிய அஞ்சுல இருந்து நாலாக்குனா 25 நிமிஷம் 8 ஆயிரும், ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் புடிச்சதுக்கு! உங்க இன்ஜின் ரொம்ப நேரம் ஓடுனப்புறம் இந்த மூணு நம்பருக்கும் பக்கத்துல வரணும், வரலன்னா லாங்குவேஜ பத்தி பேசறத நிறுத்திட்டு இன்ஜின திருத்துங்க. ஒரு நாள் ரன் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, காலியா ஆரம்பிக்கற பேக்டரில மொத ஒரு மணி நேரம் எப்பவும் சொகமாத்தான் இருக்கும்.

பிராசஸ் வாரியா எழுதறதோட உண்மையான பலன் இன்னொரு எடத்துல தெரியும். எறக்க நாலு எடம்தான் இருக்குன்னு வெச்சுக்குவோம். லோடு வண்டி மேடைமேல ஏறி எடை போட்டுட்டு, உள்ள எடம் கெடைக்கற வரைக்கும் மேடையிலயே நிக்குதுன்னு எழுதுனா, உள்ள இருக்கற நாலு வண்டியும் எறக்கி முடிச்சிட்டு காலி எடைக்கு மேடைய கேட்டு நிக்கும். மேடை எடத்துக்கு காத்திருக்கு, எடம் மேடைக்கு காத்திருக்கு, டெட்லாக். ப்ரோக்ராம் கிராஷ் ஆகாது, எர்ரர் வராது, வெளிய வரிசை மட்டும் ஏறிட்டே போகும், போன வண்டி எண்ணிக்கை நகராம நிக்கும். திருத்தறதுக்கு ரெண்டு வரிய மாத்தி போட்டா போதும், மொதல்ல உள்ள எடத்த கேளு, அப்புறம் மேடைய கேளு. பேக்டரி கேட்டுல இருக்கற வாட்ச்மேன் இதத்தான் கைய காட்டி தெனமும் பண்ணிட்டிருக்காரு, உள்ள காலியாகாம லோடு வண்டிய மேடைக்கு விட மாட்டாரு. ஒரே ஃபங்ஷனா எழுதுனதால அந்த ரெண்டு வரியும் பக்கத்து பக்கத்துல கண்ணுக்கு தெரியுது, ஈவண்ட் வாரியா எழுதியிருந்தா அது வேற வேற ஃபங்ஷன்ல இருந்திருக்கும், தேடியே பொழுது போயிருக்கும்.

சரி, ஜாவாஸ்கிரிப்ட் எங்க மண்டிபோடும்? ஏற்காடு மலைப்பாதைய எடுத்துக்கோங்க, இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்பறப்ப எதுத்தாப்புல வர்றவங்க நிக்கணும், ஏறற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஒவ்வொரு வளைவும் முன்னுரிமை இருக்கற ஒரு ரிசோர்ஸ். மே மாச கோடை விழா கூட்டத்துல ஒரு நாளைக்கு 5,000 வண்டின்னு சும்மா ஒரு கணக்குக்கு வெச்சா, வளைவுக்கு மூணு ஈவண்ட், இருபது வளைவு, ஒரு ரன்னுக்கு மூணு லட்சம் ஈவண்ட், நம்பிக்கையான பதிலுக்கு நூறு ரன்னுன்னா மூணு கோடி. இதையும் பிரவுசர்ல பண்ணலாம், ரன்னுக்கு ரன் சம்பந்தமில்லாததால வொர்க்கர்ங்களுக்கு பிரிச்சு குடுத்தா எல்லா கோரும் வேலை செய்யும். ஆனா எறக்கத்துக்கு குப்பனூர் ரோட்ட மட்டும் விட்டா என்ன, எந்த மணில இருந்து விட்டா என்னன்னு ஆயிரம் விதமா மாத்தி மாத்தி தேட போறீங்கன்னா அப்பதான் சி பிளஸ் பிளஸ்ல எழுதி எம்ஸ்கிரிப்டன்ங்கற கம்பைலர வெச்சு வெப்அசெம்பிளியா எறக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. வேகம் வரும், மெமரி கையில இருக்கும், ஆனா பிழை தேடறது பெரும்பாடு, பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நான் இத சொல்லவே மாட்டேன். வேகம் பத்தலன்னா மொதல்ல அந்த ஒரு மாடல மட்டும் ஈவண்ட் வாரியா திருப்பி எழுதி பாருங்க, படிக்க கஷ்டமானாலும் லேசா ஓடும்.

சி ஷார்ப் தெரிஞ்சவங்களுக்கு சிம்பையோட வார்ப்பாவே சிம்ஷார்ப்னு ஒண்ணு இருக்கு, யீல்டு அங்கயும் இருக்கு, பிளேசர் (சி ஷார்ப்ப பிரவுசர்ல ஓட்டற வழி) வழியா பிரவுசர்லயும் எறக்கலாம், டவுன்லோடு எடை பையோடைடு மாதிரியே யோசிக்கணும். எனிலாஜிக்னு ஒரு ரெடிமேட் சிமுலேஷன் சாஃப்ட்வேர் இருக்கு, ஜாவா மேல நிக்கறது, இழுத்து விட்டு மாடல் போடலாம், அவங்க கிளவுட்லயே ஓட்டி காட்டலாம், கம்பெனி காசு குடுத்தா நல்ல சாமான், ஆனா ப்ராஜெக்ட்ல "நீ என்ன எழுதுன"ன்னு கேட்டா பதில் சொல்லணும்ல.

எங்க அண்ணனுக்கு நான் செஞ்சது, மாடல மொதல்ல சிம்பைல எழுதி அவருகிட்ட வரிவரியா சரி பாத்துட்டு, அதையே டைப்ஸ்கிரிப்ட் ஜெனரேட்டரா மாத்தி, ரெண்டுக்கும் ஒரே லாரி லிஸ்ட்ட குடுத்து ஒவ்வொரு வண்டியும் வெளிய போற நேரம் ஒத்துப்போகுதான்னு பாத்து, ஒரு ஸ்டேட்டிக் பேஜா போட்டது. சர்வர் இல்ல, மாச வாடகை இல்ல, ஒரு தடவ தெறந்தா சர்வீஸ் வொர்க்கர் (பேஜ போன்லயே சேத்து வெக்கற வசதி) புண்ணியத்துல நெட் இல்லாமயும் ஓடும். ரெண்டு தடவ எழுதறது வேலைதான், ஆனா ஒண்ணு இன்னொண்ணுக்கு சாட்சி. ஜாவா மட்டும்தான் தெரியும், கைடும் ஜாவாதான் கேக்கறாருன்னா ஜாவா 21ல சர்வர்ல வெச்சு தாராளமா பண்ணுங்க, ரன்னோட நீளத்துக்கு மட்டும் ஒரு வரம்பு போட்டுருங்க. திரையில காட்டறப்ப சராசரி ஒண்ண மட்டும் காட்டாம, பத்துல ஒம்பது நாள் இவ்ளோ நிமிஷத்துக்குள்ளன்னு காட்டுங்க, கேட்டுல நிக்கற டிரைவருக்கு சராசரி ஒண்ணும் பண்ணப்போறதில்ல.